சிவப்புக் குழாயில் குளிர்ந்த தண்ணீர்

துபாயில் கோடை வந்துவிட்டால் குளியலறைக் குழாய்கள் தலைகீழாகிவிடும். நீலப் புள்ளி வைத்த குழாயில் வருவது மொட்டைமாடித் தொட்டியில் வெயில் காய்ந்த தண்ணீர். கை வைக்க முடியாது. சிவப்புப் புள்ளிக் குழாய்க்கு ஹீட்டரிலிருந்து தண்ணீர் வரும். ஹீட்டரை அணைத்தே வைத்திருந்தால், வீட்டுக்குள் இருக்கும் ஏசி குளுமையில் அது ஆறி, சில்லென்று கொட்டும். எட்டு வயதிலேயே இந்தச் சூட்சுமம் தெரிந்திருந்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

அம்மாவின் தம்பியான மாமா ஜெபல் அலியில் தொழிலாளர் கேம்ப்பில் இருந்தார். அங்கே இருந்ததெல்லாம் கொதிக்கிற குழாய்தான். வெள்ளிக்கிழமை லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். வந்ததும் துண்டோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஒரு சொம்பு ஊற்றுவார், கொஞ்சம் பாடுவார், மறுபடி ஒரு சொம்பு. பாவம், வாரம் முழுக்க அதற்காகவே காத்திருந்திருப்பார். "உன் தம்பி வந்தா தண்ணி கலாஸ், தீர்ந்துச்சு!" என்று அப்பா அம்மாவைச் சீண்டுவார். உள்ளேயிருந்து மாமாவும் சிரிப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவதாக மாமா சொல்லியிருந்தார். நான் செருப்பு மாட்டிக்கொண்டு தயாராக நிற்கிறேன். உள்ளே கச்சேரி முடிகிற வழியாக இல்லை. ஹீட்டர் சுவிட்ச் குளியலறைக்கு வெளியே, என் கைக்கெட்டும் உயரத்தில்தான் இருந்தது. போட்டுவிட்டேன்.

கால் மணி நேரம் போயிருக்கும். "அம்மா!" என்று உள்ளே ஒரு சத்தம். பாட்டு நின்றது. நான் ஓடிப்போய் வாசலில் நின்றுகொண்டேன்.

மாமா வெளியே வந்தார். எரிந்துகொண்டிருந்த சுவிட்ச் விளக்கைப் பார்த்தார். பிறகு, ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தார். சுவிட்சை அணைத்துவிட்டு, "வா பாப்பா, போலாம்" என்றார். கடற்கரையில் ஐஸ்கிரீம்கூட வாங்கிக் கொடுத்தார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். இன்றைக்கு நினைத்தால் கூசுகிறது.

அடுத்த வாரம் துண்டில்லாமல் வந்தார். சட்டைக் காலரில் வியர்வை காய்ந்து உப்புப் பூத்திருந்தது.

"போய்க் குளியேன்டா" என்றாள் அம்மா.

"கேம்ப்லயே குளிச்சுட்டேங்க்கா."

"பாத்தா அப்படித் தெரியலையே. தண்ணி இருக்குடா."

மாமா ஹால் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வேணாங்க்கா. அத்தானுக்கு எதுக்குச் சிரமம்?"

அம்மா விழித்தாள். அந்தக் கோடை முழுக்க மாமா எங்கள் வீட்டில் குளிக்கவே இல்லை.

மாமா குளிப்பதில் அப்பாவுக்கு என்ன சிரமம் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. அதைப் பற்றி யோசிக்கவும் நேரமில்லை. இன்றைக்குச் சீக்கிரமே கிளம்பிவிடலாம் என்ற சந்தோஷத்தில் மாமாவின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தேன்.