நீல மீனுக்கு வருத்தம்

எங்கள் தொடர்மாடிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு றெயில் பாதை மட்டும்தான். பல்கனிக் கதவைத் திறந்தால் உப்புக்காற்று உள்ளே வந்து பூட்டுகளையும் மின்விசிறியையும் துருப்பிடிக்க வைக்கும். அப்படியிருந்தும், கடையில் வாங்கிய உப்பைக் கடையில் வாங்கிய தண்ணீரில் கரைத்து, குசினியில் நின்று கடல் தயாரித்துக்கொண்டிருந்தோம். வெள்ளவத்தைக் கடலில் கால்வாய் வந்து கலக்கிறது, அந்தத் தண்ணீர் மீனுக்கு ஆகாது என்று தெஹிவளை மீன்கடைக்காரர் சொல்லியிருந்தார். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். தண்ணீர்க் கான்களை நான்காம் மாடிக்கு ஏற்றுவதில் எனக்கும் பங்கு இருந்தது. லிப்ட் வேலை செய்த நாட்கள் குறைவு.

அந்தக் கண்ணாடித் தொட்டி அப்பா தேடி வாங்கியதல்ல. அவருடைய அலுவலகத்தில் இருந்த ஒருவர் குடும்பத்தோடு அவுஸ்திரேலியா போனபோது, கொண்டுபோக முடியாமல் அப்பாவின் தலையில் கட்டிவிட்டுப் போனார்.

"மனிசர் படுக்கவே இடமில்லை. இதுக்குள்ள மீனுக்கு வீடு ஒண்டு" என்றார் அம்மா.

இடமில்லாததற்குக் காரணம் சித்தி. அம்மாவின் தங்கை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். கனடாவிலிருந்து லீவில் வந்த ஒருவருக்கும் சித்திக்கும் பதிவுத் திருமணம் நடந்து, மாப்பிள்ளை திரும்பிப் போய், சித்தியை அங்கே அழைப்பதற்கு விண்ணப்பித்திருந்தார். விசா வந்ததும் அங்கே கலியாணம். எங்கள் ஒழுங்கையில் இப்படிக் காத்திருந்த பெண்கள் பலர். காலையில் ஆங்கில வகுப்பு, பின்னேரம் அங்கே விடியும் நேரத்தில் தொலைபேசி. நடுவில் இருக்கும் பகலை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியாது. சித்தி எங்கள் வீட்டுத் துணிகளை எல்லாம் இஸ்திரி போட்டார். பிறகு மேல்மாடி அன்ரியின் துணிகளையும் போட்டார்.

தொட்டியை மீன் இல்லாமல் சில வாரம் ஓடவிட வேண்டும் என்று கடைக்காரர் சொன்னதை அப்பா பொருட்படுத்தவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமையே மூன்று மீன்களோடு வந்தார். செம்மஞ்சளில் வெள்ளைக் கோடு போட்டவை இரண்டு, அடர் நீலத்தில் மஞ்சள் வாலோடு ஒன்று. கொஞ்ச நாளில் நீல மீனின் உடம்பில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. கரையாத உப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். மீன் கல்லில் போய் உரசிக்கொண்டது. மேல்மாடி அன்ரி மஞ்சள் தூள் போடச் சொன்னார். கடைக்காரர் உணவில் பூண்டுச் சாறு கலந்து கொடுக்கச் சொன்னார். அப்பா பூண்டு இடித்தார். சில நாளில் புள்ளிகள் மறைந்துவிட்டன.

"பாத்தீரே?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா பல்கனிக் கதவைத் திறந்துவிட்டார். வரவேற்பறை முழுக்க ரசம் வைத்த மணம்.

பிறகு புள்ளிகள் திரும்பி வந்தன, முன்னிலும் இரண்டு மடங்காக. செம்மஞ்சள் மீன்களில் ஒன்று காலையில் பக்கவாட்டில் மிதந்தது. அப்பா அதை எடுத்துக் கடதாசியில் சுற்றினார், கைகழுவினார், வேலைக்குப் போனார். அதற்குப் பிறகு அவர் தொட்டிப் பக்கம் திரும்பவில்லை. வேலையால் வந்து கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். அவரும் களைத்துப்போயிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. அந்த வீட்டில் எல்லோருமே எதற்காகவோ களைத்திருந்தோம்.

சித்திதான் என்னைக் கூட்டிக்கொண்டு தெஹிவளைக்கு பஸ் ஏறினார்.

"அது போகல்ல தங்கச்சி" என்றார் கடைக்காரர். "மீன்ட ஒடம்பால வுழுந்து தொட்டிக்கு அடியில கெடக்கும். அங்க பெருகிட்டுத் திரும்பி வரும். பூண்டுக்கெல்லாம் அது கேக்காது."

"பூண்டு குடுக்கச் சொன்னதே நீங்கள்தானே?"

"அது ஆரம்பத்துல" என்று சொல்லிவிட்டு அவர் அலுமாரியைத் திறந்தார்.

செப்பு கலந்த மருந்து ஒன்று இருந்தது. அதைத் தொட்டியில் ஊற்றினால் அங்கே கல்லில் வாழும் சின்ன உயிர்கள் செத்துவிடும். மீன்களை வேறு பெட்டிக்கு மாற்றி அங்கே வைத்துத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும். மருந்து கூடினால் மீன் சாகும், குறைந்தால் நோய் சாகாது. தினமும் அளந்து பார்க்க வேண்டும், தண்ணீர் மாற்ற வேண்டும். புள்ளி மறைந்தாலும் பல வாரத்துக்கு நிறுத்தக் கூடாது. சித்தி எல்லாவற்றையும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார்.

சித்தி தன் உடுப்புகள் வைத்திருந்த பிளாஸ்டிக் பெட்டியைக் காலி செய்தார். அதுதான் ஆஸ்பத்திரி. அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் அது இருந்தது. உடுப்புகள் கட்டிலின் கால்மாட்டில் குவிந்து கிடந்தன. காற்றுக் குமிழி விடும் சின்ன மோட்டார் ஓயாமல் இரைந்தது. வரவேற்பறையில் மீன் இல்லாத தொட்டி விளக்கோடு எரிந்துகொண்டிருந்தது. வந்தவர்களுக்குக் கற்களைக் காட்டினோம்.

தினமும் ஒரே வேலைதான். தண்ணீர் இறக்கு, உப்புக் கரை, உப்பளவு பார், சூடு பார், ஊற்று. சித்தி குனிந்து எழும்பும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்வார். மிஞ்சியிருந்த செம்மஞ்சள் மீன் வேளைக்கே தேறிவிட்டது. நீலம் மட்டும் மூலையில் சாய்ந்து மூச்சு வாங்கியது.

ஒருநாள் பக்கத்துக் காணியில் புதிய தொடர்மாடிக்கு அத்திவாரம் தோண்டியவர்கள் மின்சாரக் கேபிளை அறுத்துவிட்டார்கள். காலையிலேயே எல்லாம் நின்றுபோனது. காற்று மோட்டாரும் நின்றது. சித்தி ஒரு பேணியை எடுத்துக்கொண்டு பெட்டியின் அருகில் நிலத்தில் அமர்ந்தார். தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றினார். திரும்ப அள்ளினார், திரும்ப ஊற்றினார். அப்படிச் செய்தால்தான் தண்ணீரில் காற்றுச் சேரும். நான் பள்ளிக்கூடம் போய்த் திரும்பி வந்தபோதும் அவர் அதே இடத்தில் அதையே செய்துகொண்டிருந்தார். சட்டை வியர்வையில் ஊறியிருந்தது.

நான் பேணியை வாங்கிக் கொஞ்ச நேரம் ஊற்றினேன். கை உளைந்தது. அப்போது தொலைபேசி அடித்தது. கனடா. சித்தி பேணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்து, ஊற்றியபடியே கேட்டார். வழக்கமாகச் சிரித்துக் கதைப்பவர் அன்று கதைக்கவேயில்லை. "ஓம்" என்றார். வெகுநேரம் கழித்து "விளங்குது" என்றார். பிறகு, "அக்காவிட்ட நானே சொல்லுறன், நீங்கள் எடுக்க வேண்டாம்" என்றார். போனை நிலத்தில் வைத்தார். கை நிற்கவில்லை. அள்ளியது, ஊற்றியது.

அவருடைய கண்ணிலிருந்து நீர் வடிந்து, நாடியில் நின்று, பெட்டிக்குள் சொட்டியது.

"சித்தி, உள்ளுக்கு விழுத்தாதீங்கோ. உப்பளவு மாறிடும்."

சித்தி என்னைப் பார்த்தார். சிரிப்பு வரப் பார்த்து, வேறு ஏதோவாகிவிட்டது. தோள்பட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏன் அழுறீங்கள்?"

"நீல மீனுக்குக் கடும் வருத்தம், குஞ்சு."

நான் அதை அப்படியே நம்பினேன். ஒரு மீனுக்காக இப்படி அழுகிற சித்தி வேறு யாருக்கும் இல்லை என்ற பெருமை எனக்கு. வகுப்பில் சொன்னேன், ரியூசனில் சொன்னேன், மேல்மாடி அன்ரியிடம் சொன்னேன். கீழே இருந்த சிங்களக் காவலாளி மாமா என்னைக் காணும்போதெல்லாம், "மாளுவாட்ட தென் கொஹொமத?" என்று மீனின் நலம் விசாரிக்கத் தொடங்கினார்.

அந்த வாரம் அப்பாவின் அக்கா, மாமி, கிருலப்பனையிலிருந்து வந்தார். அந்தக் கலியாணத்தைப் பேசி வந்த தரகரை அறிமுகப்படுத்தியவர் அவர். கதிரையில் இருக்கும் முன்னரே கேட்டார்.

"என்ன, விசா அலுவல் எந்தளவில? பிள்ளையின்ர முகம் ஏன் இப்பிடி வீங்கிக் கிடக்கு?"

சித்தி தேத்தண்ணீர்த் தட்டோடு நின்றார். அம்மா அப்பாவைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டேன்.

"சித்தி மீனுக்காக அழுதவ, மாமி. நீல மீன் சாகப்போகுது."

"மீனுக்கோ?"

"ஓம் மச்சாள்" என்றார் அம்மா. அந்தத் தொட்டியை வந்த நாளிலிருந்து வெறுத்த அம்மா. "அதை ஏன் கேக்கிறியள், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. செப்பு மருந்து விடுறம். கூடினாலும் பிழை, குறைஞ்சாலும் பிழை. இவள் சாப்பாடும் இல்லை, நித்திரையும் இல்லை." அம்மாவுக்கு இவ்வளவும் தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அப்பா எழுந்தார். வாரக்கணக்கில் மீன் பக்கமே போகாத அப்பா, "அக்கா, வந்து பாருங்கோவன்" என்று மாமியை அறைக்குள் கூட்டிக்கொண்டு போய், மூடியைத் திறந்து, டோர்ச் அடித்துக் காட்டினார். மாமி குனிந்து பார்த்தார்.

"பாவம்" என்றார். "வாயில்லாத சீவன்."

போகும்போது விசாவைப் பற்றிக் கேட்க மறந்துபோனார். வாசல் கதவைச் சாத்தியதும் அம்மா என் தலையைத் தடவினார். எதற்கென்று விளங்கவில்லை. சித்தி தட்டை வைத்துவிட்டு உப்புக் கரைக்கப் போனார்.

கனடாவில் அந்த மனிதருக்கு ஏற்கெனவே இன்னொரு பெண்ணோடு வாழ்க்கை இருந்தது. பெற்றோருக்காக இங்கே வந்து கையெழுத்து வைத்தவருக்கு, அதைச் சொல்லும் துணிவு வருவதற்கு அந்த மின்வெட்டு நாள் வரை காலமெடுத்திருக்கிறது. இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு, துண்டு துண்டாகக் காதில் விழுந்தது. வழக்குப் போட்டு விவாகரத்து வாங்கச் சித்தி நீதிமன்றப் படிகளில் எத்தனையோ தடவை ஏறி இறங்கினார். பிறகு நுகேகொடையில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை எடுத்தார். இன்றும் அங்கேதான். தன்பாட்டில் இருக்கிறார்.

ஆனால் அப்போது எனக்குத் தெரிந்தது மீன் மட்டும்தான். அது தேறியது. புள்ளிகள் விழுந்தன, திரும்பி வரவில்லை. உணவு போட்டால் மேலே வந்து கடித்தது. சொன்ன காலம் முடிந்ததும் சித்தியும் நானும் இரண்டு மீன்களையும் பழையபடி தொட்டிக்குள் விட்டோம். நீலம் கற்களைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது, பிறகு இன்னொன்று. அப்பா கதிரையை மெல்லத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அம்மா பாயசம் வைத்தார். நான் கீழே ஓடிப்போய்க் காவலாளி மாமாவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது சித்தி தன் அறையில் இருந்தார். காலியான பெட்டியைக் கழுவித் துடைத்து, உடுப்புகளைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார். கலியாணக் கூறைக்கென்று வாங்கி வைத்திருந்த சேலை மடியில் கிடந்தது. அழுதுகொண்டிருந்தார்.

எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"சித்தி, மீனுக்குத்தான் சுகமாயிட்டுதே?"

"ஓம் குஞ்சு. சுகமாயிட்டுது" என்றார். அழுகை நிற்கவில்லை.

எங்கேயோ பிழை விட்டிருக்கிறோம் என்று எனக்குப் பட்டது. வரவேற்பறைக்குப் போய்த் தொட்டிக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றேன். நீல மீன் ஒரு பக்கம் திரும்பும்வரை பார்த்திருந்தேன், பிறகு மறுபக்கம் திரும்பும்வரை பார்த்திருந்தேன். செட்டைகளின் அடியிலும் வாலின் நுனியிலும் தேடினேன். சித்தி இன்னும் அழுகிறார் என்றால், அதன் உடம்பில் எங்கேயாவது ஒரு புள்ளி மிஞ்சியிருக்கத்தான் வேண்டும்.