கட்டாயப்படுத்தியது நான்தான் என்றவர்

விழுப்புரத்தில் என் உரக்கடையைத் திறந்துகொண்டிருந்தபோது, திண்டிவனத்திலிருந்து ஸ்டெல்லா பேசினாள். "அம்மா போய்ட்டாங்க மாமா." பூட்டைத் திரும்பப் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

ஸ்டெல்லாவின் தாயார் ஆரோக்கியமேரி அவர்களை எங்கள் தொழிலில் எல்லோரும் மேரியம்மா என்போம். கணவருக்குப் பின் திண்டிவனத்தில் உரக்கடையைத் தனியாக நடத்தியவர். வாய் கொஞ்சம் நீளம். அதைத் தாங்கிக்கொண்டால் அவரைப்போல ஒரு சிநேகிதர் கிடைக்கமாட்டார்.

நாங்கள் தொழிலுக்கு வந்தபோது பல கம்பெனிக்காரர்கள் சரக்கோடு எங்கள் வாசலில் நிற்பார்கள். பிறகு ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கி, கடைசியில் இந்தப் பக்கத்துக்கு யூரியா இறக்குபவர் ஒரே விநியோகஸ்தர் என்றானது. அவர் வைத்ததே சட்டம். யூரியா வேண்டுமா, கூடவே பூச்சிமருந்து பாட்டிலையும் எடுக்க வேண்டும். அதை நாங்கள் விவசாயி தலையில் கட்ட வேண்டும். அழைக்காமல் கூடவே வரும் அந்தப் பாட்டிலுக்கு மேரியம்மா 'மாப்பிள்ளைத்தோழன்' என்று பெயர் வைத்தார். ஒருநாள் கம்பெனி ஆளே வாய் தவறி, "இந்த லோடுல மாப்பிள்ளைத்தோழன் எத்தினி போடட்டும்?" என்று கேட்டுவிட்டார். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பிரம்மதேசத்திலிருந்து வந்த ஒரு பெண்மணிதான் அந்தச் சிரிப்பை நிறுத்தினார். "இத்த நான் கேக்கவே இல்லியேம்மா. ஒரே ரூமு வூடு, புள்ளைங்க இருக்குது. வெஷத்த எங்க வெக்கிறது?"

"அந்த வெஷத்த என் கையாலதான் எடுத்துக் குடுத்தேன் தம்பி" என்று மேரியம்மா என்னிடம் போனில் அழுதார்.

அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில், "யாரையாவது கட்டாயப்படுத்தி விற்றார்களா?" என்று அதிகாரி கேட்டார். சொன்னால் அடுத்த மூட்டை கிடைக்காதே! விவசாயிகள் தலை கவிழ்ந்திருந்தார்கள். மேரியம்மா எழுந்தார்.

"கட்டாயப்படுத்தினது நான்தாங்க. என்னிய கட்டாயப்படுத்தறவங்களயும் கேளுங்க. இவங்க நெலம், இவங்க புள்ளைங்க. இன்னா வாங்கறதுன்னு இவங்கதான சொல்லணும்?"

அடேயப்பா! லைசென்ஸே போகக்கூடிய பேச்சு அது. நானும் எழுந்து, "நானும்தாங்க" என்றேன். பின்வரிசையில் வானூர் கடைக்காரர் எழுந்தார். அப்புறம்தான் விவசாயிகள் வாய் திறந்தார்கள்.

விநியோகஸ்தர் சும்மா விடுவாரா? மேரியம்மா கடைக்கு லாரி வருவது நின்றது. "எதுக்கு இந்த பேஜாரு?" என்று கேட்டவர்களிடம், "கடை காலியாத்தான் கெடக்குது. ஆனா யாரு மூஞ்சியயும் நிமிந்து பாத்துக்கினு பேசறேன்" என்றார்.

அந்தக் கடைக்குப் போகாத லாரி எங்களுக்கும் வேண்டாம் என்று நாங்கள் நின்றோம். அதிகாரிகளின் விசாரணையும் வந்தது. விநியோகஸ்தர் எத்தனை நாள்தான் சரக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்? மேரியம்மா போவதற்கு முந்தின வாரம் இறங்கி வந்தார். இனி யூரியா தனியாகவே வரும் என்றார்.

அடக்கம் முடிந்த மறுநாள், அப்படித் தனியாக வரும் முதல் லோடு மேரியம்மா கடைக்கு வந்தது. பயிருக்கு மேலுரம் போடும் நேரம். ஸ்டெல்லா கடையைத் திறந்தாள். உதவிக்கு நானும் இருந்தேன். முதலில் வந்த பெரியவர் பழக்கதோஷத்தில், "கூட இன்னா எடுக்கணும்மா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் வேணாங்க. மூட்டைய மட்டும் எடுத்துக்கினு போங்க."

இந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தானே மேரியம்மா கடையையே பணயம் வைத்தார்! சொல்லி முடித்ததும் ஸ்டெல்லா கல்லாவில் தலை சாய்த்து அழுதாள். பெரியவர் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மூட்டையைத் தூக்காமல் நின்றார்.

போய் வாருங்கள் மேரியம்மா. கடை திறந்திருக்கிறது.