மாதையன் சார் சேர்க்காத தேதிகள்

ஞாயிற்றுக்கிழமை பொம்மிடி ஸ்டேஷனில் சேலம் வண்டிக்குக் காத்திருந்தபோது அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "மாதையன் சார் தவறிட்டாருங்க. வூட்டுக் கதவ உடைச்சுத்தான் எடுத்தாங்களாம்." எனக்கு அழுகை வரவில்லை. அவரோடு ஒரே அறையில் ஆறு வருடம் சண்டை போட்டு, முடியாமல் பொம்மிடி கிளைக்கு மாற்றல் வாங்கி வந்தவன் நான். செத்துப்போனார் என்பதற்காக அவரை நல்லவராக்க என்னால் முடியாது.

பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் டேங்கர் தண்ணீர் அலுவலகத்தின் எல்லா அறிக்கைகளுக்கும் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதியவர் அவர்தான். பதிவு இருக்கும் தேதி மட்டுமே அவற்றில் வரும். வண்டி போகாத நாள் பூஜ்யமாகக்கூட வராது. ஐந்தாம் தேதிக்கு அடுத்த வரியில் பன்னிரண்டு நிற்கும். மாதத்தின் எல்லாத் தேதிகளையும் தனிப் பட்டியலாக வைத்து அதோடு பதிவுகளைச் சேர்த்துவிடுங்கள் என்று எத்தனையோ முறை சொன்னேன். "நடக்காததுக்கு எதுக்குப்பா ஒரு வரி? போய் வேலையப் பாரு" என்பார்.

சித்தேரி அடிவாரத்திலிருந்து ஒருநாள் செல்வி என்ற அக்கா வந்தார். தண்ணீர் வராத நாளின் காலண்டர் தாளையெல்லாம் கசங்காமல் எடுத்து வைத்திருந்தார். ஆறு தாள்களை மேசையில் பரப்பினார். மாதையன் சார் அறிக்கையைப் பார்த்துவிட்டு, "இந்தத் தேதியே சிஸ்டத்துல இல்லீங்களே" என்றார்.

"சிஸ்டத்துல இல்லீன்னா அன்னிக்கு எங்களுக்குத் தாகம் எடுக்கலீங்களா?"

அவர் எழுந்து டீ குடிக்கப் போனார். அன்று அவரை வெறுத்ததுபோல் நான் யாரையும் வெறுத்ததில்லை. தாள்களை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

மாதையன் சார் வீட்டில் தனியாக இருந்தவர். வியாழன் காலை குளியலறையில் விழுந்திருக்கிறார். இரண்டு நாளாவது உயிரோடு கிடந்திருப்பார் என்கிறார் டாக்டர். பாப்பிரெட்டிப்பட்டி நண்பர்களே, நீங்கள் எல்லோரும் அதே அலுவலகத்தில்தான் இருந்தீர்கள். சண்டைக்காரர் வராதது நிம்மதி என்று இருந்துவிட்டு, இன்று கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுகிறீர்கள்.

ஊழியர் வருகைப் பட்டியலும் அவர் எழுதிய புரோகிராமில் வருவதுதான். இரண்டு அலுவலகத்துக்கும் அதைச் சரிபார்ப்பவன் நான்; சனிக்கிழமை மாலை எனக்கு வந்தது. அவர் பெயரின் கீழ் திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று வரிகள். உடனே அடுத்தவர் பெயர். இடையில் காலியிடம் எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

திங்கட்கிழமை, அவரைக் கேட்காமலே, தேதிப் பட்டியலைச் சேர்த்து அந்த வாரத்தை மறுபடி எடுத்தேன். வியாழன், வெள்ளி, சனி மூன்றிலும் அவர் பெயருக்கு நேரே பூஜ்யம். அந்தத் தாளைச் செல்வி அக்காவின் ஆறு தாள்களோடு மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். பழைய பட்டியலையும் கிழிக்கவில்லை. அதில் என் கையெழுத்து இருக்கிறது.