சும்மா நிற்கிற டீச்சர்

போன வெள்ளிக்கிழமை காலை என் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. ஒரு வகுப்பறை. பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். போர்டுக்குப் பக்கத்தில் ஒரு டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். நிற்கிறார்... நின்றுகொண்டே இருக்கிறார். அவ்வளவுதான் படம்.

கீழே ஒரு வரி: 'இதற்குத்தான் நாம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறோமா?'

அனுப்பியவர் பாஸ்கர். அரியாங்குப்பம் பக்கம் நான் நிர்வாகக் கமிட்டியில் இருக்கிற ஒரு பள்ளிக்கூடத்தில் இவர் பையன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். பெற்றோர் சங்கத்தின் பிரதிநிதியும் இவர்தான். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர். ஒரு ஸ்கிரீனில் ஆபீஸ், இன்னொரு ஸ்கிரீனில் மகனின் வகுப்பறை. பள்ளிக்கூடத்தில் கேமரா இருக்கிறது, பெற்றோர் போனில் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தக் கேமராக்களை வாங்கிக் கொடுத்தது யார்? நான்தான்.

பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன். எதற்குப் பொய்... பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பத்திரிகையில் இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு இது மனப்பாடமே ஆகியிருக்கும். டைல்ஸ் குடோனில் பெட்டி சுமந்தவன், இன்றைக்கு உழவர்கரையில் ஷோரூம் வைத்திருக்கிறேன். புதுச்சேரியில் நீங்கள் வழுக்கி விழாமல் நடக்கிற பாத்ரூம்களில் பாதி என் கடைச் சரக்கு. அந்தப் பள்ளிக்கூடத்தின் தரைக்கும் நான்தான் டைல்ஸ் கொடுத்தேன். அவர்கள் கமிட்டியில் நாற்காலி கொடுத்தார்கள். உட்கார்ந்தேன்.

உங்களுக்கு இதையெல்லாம் யார் எழுதித் தருகிறார்கள் என்று சில வாசகர்கள் கேட்கிறார்கள். நானேதான். சந்திப் பிழையை மட்டும் பத்திரிகை ஆபீசில் பார்த்துக்கொள்கிறார்கள்.

கேமரா விஷயத்துக்கு வருகிறேன். என் ஷோரூமில் மூலைக்கு ஒரு கேமரா உண்டு. உப்பளம் பகுதியில் இருக்கிற என் வீட்டில் உட்கார்ந்தபடியே பார்ப்பேன். எவனாவது சும்மா நின்றால் போன் அடிப்பேன். கடை உருப்பட்டது. பள்ளிக்கூடமும் உருப்படட்டும் என்று வாங்கிக் கொடுத்தேன். ஒன்றே ஒன்றுதான் குறை. அந்தக் கேமராவில் படம் வரும், சத்தம் வராது.

வீடியோவில் நின்றவர் அமலி டீச்சர். ஆறாம் வகுப்புக்கு அறிவியலும் கணக்கும் எடுக்கிறவர். சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இதுவரை தற்காலிகம். நிரந்தரமாக்குவதா, போய் வாருங்கள் என்பதா? முடிவு செய்ய மறுநாளே கமிட்டி கூடுகிறது. இதற்கு முன் வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலும் ஏறக்குறைய இதே புகாரில்தான் வெளியே வந்தாராம். இங்கேயும் போனால், மூன்றாவது பள்ளிக்கூடம் கதவைத் திறக்குமா? சந்தேகம்தான்.

சரி, போய்ப் பார்ப்போம் என்று மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். போகும்போதே முடிவு செய்துவிட்டேன். அனுப்பிவிட வேண்டியதுதான். சும்மா நிற்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

கமிட்டி கூடியது, அமலி டீச்சரும் வந்திருந்தார். பாஸ்கர் பெரிய டிவியில் வீடியோவைப் போட்டார்.

"சார், நான் நெட் போயிடுச்சுன்னே நெனச்சேன். ஆப்ப மூடித் திறந்து பாத்தேன். அப்புறம் பாத்தா ஃபேன் சுத்துது. டீச்சர்தான் அசையல."

கமிட்டி சிரித்தது. அமலி டீச்சரும் லேசாகச் சிரித்தார். எனக்குப் பிடிக்கவில்லை. வேலை போகப்போகிற ஆள் சிரிக்கலாமா?

"ஏம்மா, இன்னா இது?" என்றேன். "என் கடையில ஒருத்தன் இப்டி நின்னா அந்த நிமிஷமே போன் போட்டுடுவேன்."

"கேள்வி கேட்டுட்டு நிக்கிறேன் சார்."

"இன்னா கேள்வி?"

"ஜில்லுனு தண்ணி ஊத்துன டம்ளர், வெளிப்பக்கம் ஏன் ஈரமாவுதுன்னு."

"சரி. யாருக்கும் தெரியலன்னா நீங்க சொல்லிட்டுப் போவ வேண்டியதுதானே?"

"சொல்லலாம் சார். எழுதிக்குவாங்க."

"அதானே வேணும்."

"எழுதிக்குவாங்க. அதோட முடிஞ்சிடும்."

பாஸ்கர் எழுந்து போய் டிவியைத் தொட்டுக் காட்டினார். முதல் பெஞ்சில் ஒரு பையன், கையைத் தூக்கியபடி.

"இது என் பையன். பாருங்க, கை தூக்கிட்டே இருக்கான். அவனுக்குப் பதில் தெரியும் சார், நானே வீட்ல சொல்லிக் குடுத்துருக்கேன். அவனக்கூட கேக்க மாட்டேங்குறாங்க."

ஆக, புகாரின் வேர் இங்கே இருக்கிறது. மகனுக்குக் கை வலிக்கிறது, அப்பாவுக்கு மனசு வலிக்கிறது. தப்பில்லை. எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"அவன கேப்பேன் சார்," என்றார் அமலி டீச்சர். "கடைசியா கேப்பேன். அவன் மொதல்ல சொல்லிட்டா மத்த புள்ளைங்க யோசிக்கிறத வுட்டுடுறாங்க. எப்டியும் அவன் சொல்லிடுவான்னு அவன நம்பியே உக்காந்துடுறாங்க."

பிரின்சிபால் மேடம் மெதுவாகச் சொன்னார். "அமலி, நீங்க சொல்றது புரியுது. ஆனா பி செக்ஷன் உங்களவிட ஒரு பாடம் முன்னாடி போயிடுச்சு. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

டீச்சர் ஒப்புக்கொண்டு தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

நான் விடவில்லை. "இதெல்லாம் புதுசா வந்த பழக்கம். எங்க காலத்துல வாய்ப்பாடு தப்பா சொன்னா முட்டி போட வெப்பாங்க. அந்த வாய்ப்பாட்ட வெச்சித்தான் இன்னிக்கும் சதுர அடி போடுறேன், கால்குலேட்டர் தொடறதில்ல. மனப்பாடம் பண்ண வெக்காத டீச்சர் ஒரு டீச்சரா?"

"வாய்ப்பாடு மனப்பாடம்தான் சார். அதுல நான் ரொம்ப ஸ்ட்ரிக்ட். அதுல போயி யோசிச்சிகினு நிக்கக் கூடாது."

எனக்கே கொஞ்சம் ஆச்சரியம். சண்டைக்குப் போனால் ஆள் நம் பக்கம் நிற்கிறார். அடுத்து என்ன கேட்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது அவர் என்னைக் கேட்டார்.

"உங்க கடைக்கு ஒருத்தர் டைல்ஸ் வாங்க வந்தா, நீங்க இன்னா பண்ணுவீங்க சார்?"

கேட்டுவிட்டு நின்றார். டிவியில் நின்ற அதே மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு.

வெளியே கடலூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. யாராவது பேசித்தானே ஆகவேண்டும்? அதுவும் என் கடையைப் பற்றி என்றால் என்னைவிட்டால் யார் பேசுவது? ஆரம்பித்தேன்.

பிரெஞ்சு மிலிட்டரியில் இருந்து ரிட்டயரானவர் ஒருவர், அந்த மாதிரி ஆட்களை எங்கள் ஊரில் முசே என்போம். பாதி நாள் பாரீசில், பாதி நாள் இங்கே. புது வீடு கட்டுகிறார். மனைவியை, அதாவது மதாமை, கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். என் சேல்ஸ்மேன் பிடித்துக்கொண்டான். இது இத்தாலி டிசைன், இது கறை பிடிக்காது, இது உங்கள் அந்தஸ்துக்கு... மூச்சே விடவில்லை. இருவர் முகத்திலும் களைப்பு. கிளம்பப் பார்த்தார்கள். அவனைக் காபி வாங்க அனுப்பிவிட்டு நான் போனேன். இரண்டே இரண்டு டைல்ஸை எடுத்துத் தரையில் வைத்தேன். "எது புடிச்சிருக்கு?" என்றேன். அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை.

முசே பார்த்தார். மதாம் பார்த்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தேன். கஷ்டமான வேலை அது. நாக்கு துடிக்கும். 'இடது பக்கம் இருக்கிறது நல்லாயிருக்கும்' என்று சொல்லிவிடலாமா என்று இருக்கும். சொல்லக் கூடாது. கடைசியில் மதாம் செருப்பைக் கழற்றினார். வெறுங்காலை ஒன்றின்மேல் வைத்தார். எடுத்தார். இன்னொன்றின்மேல் வைத்தார். "இதுதான்" என்றார். வீடு முழுக்க அதே டைல்ஸ்.

"நான் சொல்லி வாங்கியிருந்தா அது என் டைல்ஸ்," என்று கமிட்டிக்கு விளக்கினேன். "வூட்டுக்குப் போனதும் கலர் புடிக்கலம்பாங்க. மாத்திக் குடுன்னு வந்து நிப்பாங்க. தானா கால வெச்சிப் பாத்து எடுத்தா அது அவங்க டைல்ஸ். திரும்பியே வரமாட்டாங்க. பேசுற சேல்ஸ்மேன் நூறு பேரு கிடைப்பான். வாய மூடிகினு நிக்கத் தெரிஞ்சவன்தான்..."

அங்கே நிறுத்தினேன். டிவியில் அமலி டீச்சர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். அந்த நிற்பு எனக்குத் தெரிந்த நிற்பு. சும்மா நிற்கிறவன் ஜன்னலைப் பார்ப்பான், போனைப் பார்ப்பான். இவர் பெஞ்சு பெஞ்சாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாஸ்கர், மீதிய ஓட்டுங்க," என்றேன்.

"இவ்ளோதான் சார் அனுப்பினேன்."

"அனுப்பாதத ஓட்டுங்க."

பிரின்சிபால் மேடம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்து எடுத்துப் போட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, கடைசி பெஞ்சில் ஒரு பெண் பிள்ளை. கை பாதி தூரம் வந்து, இறங்கி, மறுபடியும் ஏறியது. எழுந்து ஏதோ சொன்னது. பாஸ்கர் மகன் தூக்கின கையை மறந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் இன்னொரு பையன் எழுந்தான். அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் கை.

"இன்னாம்மா சொல்லுச்சு அந்தப் பொண்ணு?"

"டம்ளர்ல கண்ணுக்குத் தெரியாத ஓட்ட இருக்கும், அதுவழியா தண்ணி கசியுதுன்னு."

கமிட்டித் தலைவர் சிரித்துவிட்டார். "தப்பாச்சே."

"தப்புதான் சார். ஆனா வாயே தொறக்காத பொண்ணு அது."

"அந்தப் பையன் எழுந்தானே, அவன் சரியா சொன்னானா?"

"அவன் கேள்வி கேட்டான் சார். ஓட்ட இருந்தா, சூடா டீ ஊத்துனா மட்டும் ஏன் வெளிய ஈரமாவலன்னு."

யாரும் சிரிக்கவில்லை. நான் ஆயுசுக்கும் டீ குடித்தவன். எனக்கு அந்தக் கேள்வி வந்ததில்லை. உங்களுக்கு?

"டைல்ஸ் வேற, புள்ளைங்க வேற சார்," என்றார் பாஸ்கர். சுரத்து கொஞ்சம் குறைந்திருந்தது.

"நான் டைல்ஸப் பத்தியா பேசுனேன்? வாங்க வந்தவங்களப் பத்தி பேசுறேன்."

நம் ஊரில் பேசுகிறவன் வேலை செய்கிறான், பேசாதவன் சும்மா இருக்கிறான். கணக்கு அப்படித்தான் ஓடுகிறது. ஊசி போடாமல் 'தானா சரியாயிடும்' என்று சொல்கிற டாக்டரிடம் நாம் மறுமுறை போவதில்லை. டீச்சர் பேசிக்கொண்டே இருந்தால் பாடம் நடக்கிறது என்று அர்த்தம். பிள்ளையின் தலைக்குள் ஏதாவது நடக்கிறதா? அதைக் காட்டுகிற கேமரா என் பட்ஜெட்டில் கிடைக்கவில்லை.

தலைவர் என்னைப் பார்த்தார். தரை என்னுடையது, கேமரா என்னுடையது, பார்க்கத்தானே வேண்டும்? "நிரந்தரம் பண்ணிடுங்க" என்றேன். பின்தங்கின பாடத்தைப் பரீட்சைக்குள் முடித்துவிட வேண்டும் என்று பிரின்சிபால் மேடம் ஒரு நிபந்தனை போட்டார். நியாயமானது. டீச்சரும் ஒத்துக்கொண்டார். எனக்கும் அவர் முறையில் முழுச் சம்மதம் கிடையாது. எல்லாப் பாடத்தையும் இப்படி நின்று நின்று நடத்தினால் வருஷம் போதாது. அதையும் எழுதிவிடுகிறேன்.

பாஸ்கர் கடைசியாக ஒன்று கேட்டார். "கேமராவுல சத்தமும் வர்ற மாதிரி பண்ணிடலாமே சார்?"

"பண்ணிட்டா போச்சு. மைக்கும் நானே வாங்கித் தரேன்," என்றேன்.

அமலி டீச்சர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்ல, வேணாம்," என்றேன் நான். "சத்தமும் வந்தா, கேள்விய வூட்ல கேட்டுட்டு அப்பாங்க பதில் சொல்லிக் குடுத்துடுவாங்க."

படி இறங்கும்போது டீச்சரைக் கேட்டேன். "என் கடையப் பத்தி எப்டிம்மா கேக்கத் தோணுச்சு?"

"போன வருஷம் எங்க அக்கா வூட்டுக்கு டைல்ஸ் வாங்க வந்தோம் சார். ரெண்ட எடுத்து வெச்சிட்டு நீங்க பேசவே இல்ல. எங்க அக்கா பயந்துபோயி ஒசத்தியானதயே எடுத்துடுச்சு."

"நல்லா இருக்கா?"

"இருக்கு சார். யாரு வந்தாலும் தானே தேடி எடுத்ததுன்னு சொல்லிகினு இருக்கு."

சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறினேன். உப்பளம் வந்து, சாப்பாட்டுக்கு உட்கார்ந்து, நடந்ததை எல்லாம் வீட்டம்மாவிடம் சொன்னேன். நான் எப்படி ஆரம்பித்தேன், முசே கதையை எந்த இடத்தில் வைத்தேன், கமிட்டி எப்படி வாயடைத்துப் போனது... ரசம் ஆறுகிற வரைக்கும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"எல்லாம் நீங்களே பேசிட்டீங்க. அனுப்பணும்னு போயி, வெச்சிக்கணும்னு பேசிட்டு வந்துருக்கீங்க. அந்தப் பொண்ணு எனக்கு வேல வேணும்னு ஒரு வார்த்த கேட்டுச்சா?"

யோசித்துப் பார்த்தேன். கேட்கவில்லை. ஒரு கேள்வி கேட்டார், நின்றார். காலை வைத்துப் பார்த்து எடுத்தது நான்.

இத்தனை வருஷமாக விற்கிறவனுக்கே விற்றிருக்கிறார். பில் மட்டும்தான் போடவில்லை.