சால்வைகளுக்கு நடுவே ஒரு ராக்கெட்

போன ஞாயிற்றுக்கிழமை அஸ்தினாபுரத்தில் ஓர் அடுக்ககச் சங்கம் விண்வெளி விழா நடத்தி எனக்குப் பொன்னாடை போர்த்தியது. பிளாஸ்டிக் உறையும் நாப்தலீன் உருண்டையும் கலந்த அந்த வாசனை இருக்கிறதே, அது எந்தச் சால்வையிலும் மாறாது. ஊர் முழுக்க ஒரே சால்வைதான் சுற்றி வருகிறதோ என்று எனக்கு வெகுநாள் சந்தேகம். அந்த வாசனை வந்தால் விமலா அக்கா ஞாபகம் வந்துவிடும்.

பல வருஷங்களுக்கு முன்னால் நான் தாம்பரத்தில் ஒரு டுடோரியலில் இயற்பியல் வாத்தியார். குடியிருந்தது இதே அஸ்தினாபுரம். பக்கத்து வீட்டு விமலா அக்கா ஜாக்கெட் தைப்பாள். சின்ன வயதுக் காய்ச்சலில் காது போய்விட்டது. எதிராளியின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவாள்.

நகர் நலச் சங்க ஆண்டு விழாவில் ராக்கெட்டைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். என் முதல் மேடை. விமானமே ஒழுங்காகப் பறக்காத காலத்தில் விண்வெளிக்குக் கணக்குப் போட்ட ரஷ்யப் பள்ளி வாத்தியார் ஒருவரைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கும் சிறுவயதுக் காய்ச்சலில் காது மந்தம். இதைச் சொன்னதும் அக்கா மிஷினை நிறுத்தினாள்.

“காது கேக்காதவரா? அப்ப நான் வரேன்டா. என்னைப் பாத்தே பேசு.”

எந்தக் கூட்டத்துக்கும் போகாதவள் நாப்தலீன் மணக்கும் பட்டுப்புடவை கட்டி முதல் வரிசையில் உட்கார்ந்தாள். பிரமுகர் குடும்பம் ஒன்று வந்ததும் செயலாளர் அவளை எழுப்பிக் கடைசி வரிசைக்கு அனுப்பினார்.

மேடையில் தலைவர், முன்னாள் தலைவர், வருங்காலத் தலைவர், பந்தல் போட்டவர். ஒவ்வொருவரும் மற்ற எல்லாரையும் ‘அவர்களே’ என்று விளித்து முடிப்பதற்குள் கேசரி ஆறிவிட்டது. தாமதமாக வந்த ஒரு பிரமுகருக்கு மாலை குறைந்தது. சட்டென்று அந்த ரஷ்ய விஞ்ஞானியின் படத்துக்குப் போட்டிருந்ததைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார்கள். செத்தவர் மாலை என்று தெரியாமல் மனிதர் பூரித்துப்போனார்.

“சார், ரெண்டே நிமிஷம்” என்றார் செயலாளர், என் முறை வந்தபோது.

மைக் நல்ல கத்தரிக்காய் அளவு. வாயைத் திறந்தேனோ இல்லையோ, கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்.

“மைக்க எடுடா! வாய் தெரியல!”

கூட்டமே சிரித்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, சிரித்தவர்கள் மேல். மைக்கைத் தள்ளிவிட்டு அவளைப் பார்த்துப் பேசினேன். ஃபேன் சத்தத்தில் முதல் வரிசைக்கே ஒன்றும் கேட்கவில்லை. “சவுண்டு! சவுண்டு!” என்று கத்தினார்கள். அன்று அந்தப் பந்தலில் காது கேட்டது அக்காவுக்கு மட்டும்தான்.

“ராக்கெட்டை அடுக்கடுக்கா கட்டணும்னாரு அந்த வாத்தியாரு. எரிஞ்சு காலியான அடுக்கைக் கழட்டி விட்டுடணும். காலியானதையே சுமந்துகிட்டிருந்தா மேல போக முடியாது.”

அக்கா மேடையில் இருந்தவர்களை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், பந்தல் அதிர! எதற்கென்று தெரியாமல் பிரமுகர்களும் சேர்ந்து சிரித்துவைத்தார்கள்.

அந்த மைதானத்தில்தான் இப்போது இந்த அடுக்ககம் நிற்கிறது. விண்வெளி விழா பேனரில் தலைவர்கள் ஆளுயரம், விஞ்ஞானி தபால்தலை அளவு. பழைய அடுக்கு ஒன்றும் கழலவில்லை, மகன்களும் மருமகன்களும் மேலே ஏறியிருக்கிறார்கள். அக்காதான் போய்விட்டாள்.

மைக் மட்டும் முன்னேறியிருக்கிறது. காலரில் ஒரு பொட்டு மாதிரி குத்திவிட்டார்கள். வாயை மறைக்க ஒன்றுமே இல்லை. பழக்கதோஷத்தில் கடைசி வரிசையைப் பார்த்துப் பேசினேன். அங்கே எல்லாரும் குனிந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.