மான் எங்கே?

இன்று காலை மூக்குக் கண்ணாடியைக் காணவில்லை. தலையணைக்கு அடியில் துழாவினேன், செய்தித்தாளை உதறிப் பார்த்தேன். அவசரத்தில் பழைய வாய் முந்திக்கொண்டது. "மான் எங்கேம்மா?" என்று கத்திவிட்டேன். "மான் கிண்டியில இருக்கு மாமா" என்றாள் மருமகள். பேரப்பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. கண்ணாடி என் நெற்றியில்தான் ஏறி உட்கார்ந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தச் சொல்லால் ஒரு மனிதன் சாக இருந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான்.

ரங்கூனில் எங்களுக்கு மூக்குக் கண்ணாடி என்றால் மான். பர்மியர்கள் 'மியெமான்' என்பார்கள். எங்கள் வாயில் அது தேய்ந்து வெறும் மான் ஆகிவிட்டது. 'மானைத் தொடைச்சுப் போடு', 'எம் மான் ஒடைஞ்சு போச்சு' என்று சர்வசாதாரணமாகப் பேசுவோம். ஊரிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். அதைப் பார்ப்பதில் எங்களுக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

என் இருபது வயதுகளில் அங்கே ஒரு கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை. பைனாகுலர் என்கிற தூரக்கண்ணாடியின் தோலுறையைத் திறந்தால் வரும் வாசனைக்காகவே நாலு தரம் திறந்து மூடுவேன். நானே சோடாப்புட்டி. அதனால் கண்ணாடி போட்டவர்கள் தூரக்கண்ணாடி வாங்க வந்தால் என்னிடம்தான் தள்ளிவிடுவார்கள்.

அப்படி வந்தவர்தான் சேகு காக்கா, எங்கள் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர்; அவர்கள் வழக்கில் காக்கா என்றால் அண்ணன். ரங்கூனுக்கு வடக்கே மாவ்பி பக்கம் கடமான் வேட்டைக்குப் போகிறாராம். "தம்பி, இருக்கறதிலேயே பெருசா காட்டுறதைக் குடு" என்றார். பன்னிரண்டு மடங்கு காட்டுவதைக் கையில் கொடுத்தேன். அவருடைய கைநடுக்கமும் பன்னிரண்டு மடங்காயிற்று. அதோடு, கண் வைக்கும் குமிழ் உயரமாக இருந்ததால் மூக்குக் கண்ணாடியோடு பார்த்தால் காலணா அளவுக்குத்தான் காட்சி தெரிந்தது. ஆறு மடங்கு காட்டுவதை எடுத்து வைத்தேன். குமிழ் தட்டை, காட்சி அகலம், கண்ணாடியைக் கழற்றவே வேண்டாம். காக்காவுக்கு அது பிடிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பெரியதின் திருகைத் திருப்பி, "இந்தா, முத்து மாதிரி தெரியுதே!" என்றார்.

"தெரியும் காக்கா. அதை எறக்கினப்பறம் என்ன பண்ணுவீங்க?"

"மானை எடுத்து மாட்டிக்கிறேன். இது ஒரு பெரிய வித்தையா?"

ஆசைக்கு அறிவு சொல்ல முடியுமா? பெரியதையே எடுத்தார். திருகைத் திருப்பிக் கொடுக்க என்னையும் வேட்டைக்கு இழுத்துக்கொண்டு போனார். கொசு தவிர வேறெதையும் கொன்றறியாத நான், கடையிலிருந்த ஆறு மடங்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பெரிய வேட்டைக்காரன் போலப் போனேன்.

மாவ்பியில் கோ தா துன் என்ற பர்மியர் காத்திருந்தார். காக்காவின் கடைக்குத் துணி வாங்க வந்து சிநேகிதமானவர். துப்பாக்கி காக்காவின் மச்சான் காசிமிடம். ஊரில் நல்ல குறிகாரன் என்று பெயர். கப்பலை விட்டு இறங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. தா துன் மானைக் கலைத்துவிட யானைப்புல்லைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கமாகப் போனார். பழுப்பு லுங்கி கட்டியிருந்தார். அது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

வெயில் ஏறியது. காக்கா கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்துப் புதரில் தொங்கவிட்டுப் பெரியதைக் கண்ணில் வைத்தார். இடப்பக்கம் புல் அசைந்தது. உள்ளே பழுப்பாக ஏதோ நகர்ந்தது. தா துன் அந்தப் பக்கம் வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. காக்கா சட்டென்று தூரக்கண்ணாடியை இறக்கினார். அவருக்கு உலகமே புகையாகியிருக்கும். புதரைத் தடவிக்கொண்டே பதற்றமாகக் கிசுகிசுத்தார்.

"மான்! மான்! சீக்கிரம்!"

காசிம் துப்பாக்கியைத் தோளில் ஏற்றினான்.

நான் என் ஆறு மடங்கை உயர்த்தினேன். பழுப்பு தெரிந்தது. அதற்கு மேலே, புல்லை விலக்கும் ஒரு கை. எப்படிப் பாய்ந்தேனோ, துப்பாக்கிக் குழாயை மேலே தட்டிவிட்டேன். வெடித்தது. கொக்குகள் எழுந்து பறந்தன. புல் அசையவில்லை.

ஐயோ, அந்தக் கொஞ்ச நேரம்! காக்கா வெறுங்கண்ணோடு, "என்னடா சுட்டே? என்னடா சுட்டே?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். காசிம் துப்பாக்கியைத் தரையில் வைத்தான்.

"நீங்கதானே மச்சான் மான்னு சொன்னீங்க?"

"நான் எங் கண்ணாடியக் கேட்டேன்டா, பாவி!"

பிறகு புல்லுக்குள்ளிருந்து இரண்டு கைகள் உயர்ந்தன. தா துன் குனிந்தபடி வெளியே வந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. காக்கா ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டு குழந்தை போல அழுதார். தா துன்னுக்கு விஷயம் புரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்கப்புறம் ரங்கூனுக்கு வரும்போதெல்லாம் எங்கள் கடை வாசலில் நின்று இரண்டு கையையும் தூக்குவார். "நான் மான் இல்லே! நான் மான் இல்லே!" அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். கடையே சிரிக்கும். நான் ஒவ்வொரு தடவையும் அவரைத் தலை முதல் கால் வரை ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

ஜப்பான் குண்டு விழுந்த வருஷம் நாங்கள் ஊருக்கு நடந்தே கிளம்பினோம். கடை எரிந்தது. காக்கா வழியிலேயே கண்ணை மூடினார். தா துன் என்ன ஆனார் என்று கேட்டுச் சொல்லக்கூட ஆள் இல்லாமல் போயிற்று.

நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டேன். மான் எங்கே என்று நான் எத்தனை முறை கத்தினாலும், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு இனி வாசலில் யாரும் வந்து நிற்கப் போவதில்லை. இந்த வீட்டில் மான் என்றால் மான்தான்.