கூழ் சாப்பாட்டில் சேராது

எங்கள் ஜவ்வாது மலையில் கூழை யாரும் சாப்பிடுவதில்லை, குடிப்போம். சாப்பிடுவது என்றால் அது சோறுதான். இந்த வித்தியாசம் ஒருநாள் என்னை ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியில் மாட்டிவிடும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

எண்பதுகளின் கடைசி அது. புளி மூட்டையோடு மேடு ஏறினால் யாரோ முழங்காலை வைத்து நெஞ்சை அழுத்துகிற மாதிரி இருக்கும். வாயு என்று நினைத்து வேர்ப்பொடி தின்றுகொண்டிருந்தேன். ஒருநாள் பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டேன். காவலூர் வானாராய்ச்சிக்காரர்களின் ஜீப்தான் என்னைக் கீழே டவுனுக்கு இறக்கியது. இதயத்துக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, அதன் நுனியிலிருக்கும் பலூனை ஊதி அடைப்பைத் திறப்பார்களாம். அப்போது அது புது வைத்தியம். பலூன் என்றதும் என் மனைவிக்குத் திருவிழா ஞாபகம் வந்துவிட்டது.

"வெடிச்சிட்டா இன்னா பண்றது?" என்று போகிற வருகிறவரையெல்லாம் கேட்டாள்.

"காலையில ஒண்ணும் சாப்பிடக் கூடாதுங்க" என்று நர்ஸ் சொல்லியிருந்தார். சரி என்று தலையாட்டினேன். விடிந்ததும் மனைவி கேழ்வரகுக் கூழைத் தூக்குவாளியில் கொண்டுவந்தாள். சாப்பிடத்தானே கூடாது? பச்சை வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு வயிறு முட்டக் குடித்தேன்.

தள்ளுவண்டி கதவருகே போனபோது ஏப்பம் வந்தது. நர்ஸ் மூக்கைச் சுளித்தார்.

"வெங்காய வாசன வருதே. சாப்பிட்டீங்களா?"

"சத்தியமா இல்லீங்க. கூழுதான் குடிச்சேன்."

வண்டி வந்த வழியே திரும்பியது. நடுவில் வாந்தி வந்து மூச்சுக்குழாயில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து என்று நர்ஸ் என் மனைவியைக் காய்ச்சி எடுத்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூழும் கூடாது என்று முன்னாடியே சொல்லித் தொலைத்தால் என்ன? ஆனால் மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன். வெளிறிப்போயிருந்தாள். அதன்பிறகு நான் தண்ணீர் கேட்டால்கூட நர்ஸைத்தான் கூட்டிவந்தாள், தன் கையால் எதையும் தரவில்லை.

சாயங்காலம் டாக்டர் வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். எனக்கு மயக்க மருந்து கிடையாது, விழித்துத்தான் இருப்பேன் என்றார். பலூன் ஊதும்போது நெஞ்சு வலிக்கும், உடனே சொல்ல வேண்டும். முடிந்தபின் காலை மடக்கினால் ரத்தம் கசியும், நீட்டியே படுத்திருக்க வேண்டும். குழாய் மறுபடி அடைத்துக்கொள்ளவும் கூடும், சமயத்தில் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்யவும் நேரலாம். என்னென்ன மருந்து தின்றேன் என்று கேட்டபோது வேர்ப்பொடியையும் சொன்னேன்.

"உசுருக்கு ஒண்ணும் ஆவாதுங்களே?" என்றாள் மனைவி.

"பெரும்பாலும் ஆகாதும்மா. ஆகவே ஆகாதுன்னு சொன்னா அது பொய். நாங்க எதையும் மறைக்கல, நீங்களும் மறைக்காம உள்ளத உள்ளபடி சொல்லிடுங்க."

பயம் போகவில்லை. ஆனால் எதற்குப் பயப்படுகிறேன் என்று தெரிந்துவிட்டது, அதுவே எனக்குப் பெரிய ஆறுதல்.

மறுநாள் உள்ளே பலூனை ஊதியதும் அந்த வலி வந்தது, மேட்டில் வந்த அதே முழங்கால். டாக்டர் இதையெல்லாம் சொல்வதற்கு முன், முதல் நாளே போயிருந்தால் செத்தேன் என்று துள்ளியிருப்பேன்.

"நீங்க சொன்ன வலி வந்துடுச்சுங்க" என்றேன். பலூனைச் சுருக்கினார்கள். வலி இறங்கியது.

வார்டில் காலை நீட்டிப் படுத்திருந்தேன். மனைவி தூக்குவாளியோடு வந்தாள். "இது கூழுங்க. குடிக்கறதுங்க. குடுக்கலாங்களா?" என்று நர்ஸை ஒன்றுக்கு மூன்று தடவை கேட்டுக்கொண்டு, ஸ்பூனால் ஊட்டினாள். படுத்தபடி குடித்ததில் பாதி என் கழுத்தில் வழிந்தது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதால் உப்பே போடவில்லை. வீட்டில் உப்பு ஒரு கல் குறைந்தாலே ஊரைக் கூட்டுகிறவன் நான்.

"நல்லாருக்குது" என்றேன்.

"பொய் சொல்லாத மாமா" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "உள்ளத உள்ளபடி சொல்லணும்னு டாக்டரு சொன்னாரே."